அரிசியிலும் பயற்றிலும் வாழும் வண்டுகள்

அரிசி களையும்போது நீரின்மேல் மிதக்கும் சிறு வண்டுகளைக் காணாத இல்லம் நம்மிடையே இல்லை எனலாம். கண்டவுடன் கடைக்காரரை நொந்துகொண்டு முறத்தை எடுத்துப் புடைக்கிறோம். ஆனால், எல்லா வண்டும் புடைத்தால் போய்விடுவதில்லை. இன்ன வண்டு என்று அறிந்த பின்னரே இன்னது செய்வது என்று துணியலாம்.

அரிசியில் காண்பது பெரும்பாலும் கூன்வண்டு. ஒன்றைப் பிடித்து வெள்ளைத்தாளின்மேல் விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குவோம். நீளம் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். தலையின் முன்னே யானைத் துதிக்கை போன்ற மூக்கு நீண்டிருக்கும். அதன் நுனியிலேதான் வாய். கரும்பழுப்பு முதுகில் நான்கு மங்கிய செம்புள்ளிகள் தெரியும். பெண்வண்டு அரிசியைத் துளைத்து, உள்ளே ஒரு முட்டையிட்டு, பசை போன்ற பொருளால் துளையை மூடிவிடுகிறது. வெளியே நம் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. காலில்லாத வெண்புழு உள்ளிருந்தே அரிசியைத் தின்று வளர்ந்து, நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளிவருகிறது. எனவே, இன்று புடைத்த அரிசியில் அடுத்த மாதம் வண்டு தோன்றினால் அன்னையைக் குறைகூறுதல் தகாது!

கோதுமை மாவிலும் ரவையிலும் திரிவது மாவு வண்டு. இதற்கு நீண்ட மூக்கில்லை. செம்பழுப்பு நிறமும் தட்டையான உடலும் உடையது. முழுத் தானியத்தைத் துளைக்க இதனால் இயலாது. சலித்தால் வண்டும் வளர்ந்த புழுவும் சல்லடையில் நிற்கும். நுண்ணிய முட்டைகளோ மாவோடு இறங்கிவிடும். இவை பெருகினால் மாவில் இளஞ்சிவப்பு நிறமேறிக் காரநெடி வீசும். அம்மாவைக் கொட்டிவிட வேண்டியதுதான். மிளகாய்த்தூளிலும் மல்லித்தூளிலும் காணும் குண்டான சிறு வண்டு வேறு. அது தலையை உட்புறம் மடக்கிக்கொண்டிருக்கும்.

அரிசியில் ஓரிரு வண்டு கண்டால் அஞ்ச வேண்டுவதில்லை, அவை நஞ்சல்ல. ஆயின், தோட்டத்தில் தெளிக்கும் மருந்தை அரிசித் தகரத்தின் அருகிலும் கொண்டுசெல்லலாகாது. நஞ்சு அதுவே. குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில், பூச்சியம் பாகைக்குக் கீழே 18 பாகைக் குளிரில், 4 நாள் வைத்தால் உள்ளிருக்கும் புழுவும் மடியும். பிறகு இறுக மூடும் தகரத்தில் இடுவோம். பழைய அரிசியின்மேல் புதியதைக் கொட்டாதிருப்போம்.

பயறு வண்டைக் கண்டறிதல் எளிது. அது முட்டையைப் பயற்றின் தோலின்மேலேயே ஒட்டிவைக்கிறது. தட்டைப்பயற்றில் வெண்புள்ளிகள் தெரிந்தால் அவை முட்டைகள். அத்தகைய பயறுகள் பத்தினைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வைப்போம். நான்கைந்து வாரம் கழித்து, எத்தனை பயற்றில் வட்டச் சன்னல் திறந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.