எக்சோஸ் துரு உள்ளிருந்துதான் வருகிறது

காப்பாரில் பழைய காடி வைத்திருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. "கடல் காத்துப்பா, அதான் எக்சோஸ் ஓட்டையாயிடுச்சு." கடல் காற்றுக்கும் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரிய பகை பைப்புக்கு உள்ளேயே இருக்கிறது.

பெட்ரோல் எரியும்போது கரியமில வாயுவோடு தண்ணீரும் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் கணக்கு அது. ஈப்போ வரை ஓட்டினால் பைப் முழுக்கச் சூடாகி, எல்லாம் ஆவியாக வெளியே போய்விடும். கடைக்கும் கோயிலுக்கும் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் பின்பக்க சைலன்சர் சூடாவதே இல்லை. ஆவி அங்கேயே தண்ணீராகித் தேங்கும். எரியும்போது வரும் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் அதில் கரைந்தால் லேசான அமிலம். அதனால்தான் எஞ்சின் பக்கத்துப் பைப் நன்றாக இருக்க, சைலன்சர் முதலில் போய்விடுகிறது.

சத்தம் வந்தால் பரவாயில்லை என்று ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஓட்டை வழியாக வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாசமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். தீபாவளிக்கு ஊர் போகும் வழியில் எஞ்சினை ஓடவிட்டு ஏர்கானில் குழந்தைகளோடு தூங்குகிறோமே, அப்போது இந்த ஓட்டை சும்மா இருக்காது.

எங்கள் வீட்டுக் கஞ்சில் சைலன்சரை நானும் அப்பாவும் போர்ச்சிலேயே மாற்றினோம். தூக்குவதுதான் ஆபத்தான வேலை. ஜேக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஜேக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. இன்னொன்று: ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதனால் பயனில்லை. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, கியரிலும் போட்டுவிடுங்க.

துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடியுங்க. அப்படியும் வரவில்லையா, அறுத்துவிடலாம். ஆனால் பெட்ரோல் டாங்க் பக்கத்தில் கிரைண்டர் வேண்டாம், பொறி பறக்கும். "கையால அறுக்க நேரமாகும்ப்பா" என்றேன். "ஆகட்டும், அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. ஹேக்சா பிளேடில் அரைமணி நேரம். சைலன்சரைத் தாங்கும் ரப்பருக்கு சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊதிவிடும்.

கேஸ்கெட் கட்டாயம் புதுசு. எல்லா போல்ட்டையும் முதலில் லூசாக மாட்டி, பைப் எங்கேயும் பாடியில் இடிக்காமல் நேர்ப்படுத்திய பிறகுதான் இறுக்க வேண்டும். திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, பைப் சூடாகும் முன்பே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்க. நுரை கிளம்பினால் அங்கே கசிகிறது. முதலில் கொஞ்ச நேரம் புகை வரும். கையிலிருந்த எண்ணெய் எரிவதுதான், பதற வேண்டாம்.

வாங்கும்போது, காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று கடைத் தவுக்கே சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். எக்சோஸில் அதிகம் வரும் 409 வகையில் சுமார் 11 சதவீதம் குரோமியம் உண்டு, காந்தமும் ஒட்டும். 18 சதவீதம் உள்ள 304 வகையில்தான் அவ்வளவாக ஒட்டாது, விலையும் கூடுதல். சத்தம் போடும் பைப் பக்கம் போகாதீங்க. வாகன இரைச்சலுக்கு 1987லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது.

வெல்டிங் தேவைப்பட்டாலோ, ஆக்சிஜன் சென்சர் இருக்கும் முன்பகுதியைக் கழற்ற வேண்டி வந்தாலோ போமனிடம் விட்டுவிடுங்க. மற்றபடி இரண்டு வாரம் ஓட்டிவிட்டு, பைப் ஆறியிருக்கும்போது போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்க. சூட்டில் கேஸ்கெட் அமுங்கி, ஒன்றிரண்டு லூசாகியிருக்கும்.