கோட்டையகத்துத் தெருக்கள்

தனுவச்சபுரத்தில் பயணிகள் தொடர்வண்டி ஏறுவோர் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் ஆகிய ஊர்களைக் கடந்து திருவனந்தபுரம் சென்றடைவர். நிலையத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால் கிழக்குக் கோட்டை வாயில் தென்படும். வாயிலுக்கு வெளியே பேருந்துகளின் இரைச்சலும் சாலைக் கடைத்தெருவின் நெரிசலும் ஓய்வதில்லை. உள்ளே சென்றாலோ பத்மதீர்த்தக் குளமும், பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரமும், அவற்றைச் சூழ்ந்த ஓட்டு வீட்டுத் தெருக்களும் வேறோர் ஊரைப் போலக் காட்சியளிக்கும்.

திருவிதாங்கூரை 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர் இக்கோயிலைப் புதுப்பித்தார். அவருக்குப் பின் வந்த கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில், பத்மநாபபுரத்தில் இருந்த தலைநகர் இங்கு மாறியது. கோயிலிலும் அரண்மனையிலும் வேதம் ஓதுவோர், சமையல் செய்வோர், கணக்கு எழுதுவோர் எனப் பலர் தேவைப்பட்டனர். அப்பணிகளுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த அந்தணக் குடும்பங்கள் அக்கிரகாரங்களில் குடியேறின. வணிகம் செய்ய வந்த தமிழர் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்தனர். சாதி வேற்றுமை மிகுந்த அக்காலத்தில் பலருக்குக் கோயிலுக்குள் செல்ல உரிமை இல்லை. 1936 நவம்பர் 12 ஆம் நாள் வெளியான கோயில் நுழைவு அறிவிப்பு அத்தடையை நீக்கியது.

அக்கிரகார வீடு முகப்பில் குறுகியது, உள்ளே நீண்டது. தெருவை ஒட்டித் திண்ணை இருக்கும். அதைக் கடந்தால் ரேழி, அதன்பின் கூடம், வெளிச்சமும் காற்றும் தரும் நடுமுற்றம், பின்கட்டில் அடுக்களையும் கிணறும் அமையும். வழிப்போக்கர் இளைப்பாறவும், முதியோர் மாலையில் கூடிப் பேசவும், சிறுவர் பாடம் படிக்கவும் திண்ணை இடம் தந்தது.

இவ்வீடுகளின் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. அடுத்தடுத்த இரு வீடுகளுக்கு இடையே சுவர் ஒன்றே. அச்சுவரே இரு வீட்டாரின் உத்திரங்களையும் தாங்குகிறது. ஆதலால் ஒரு வீட்டை இடித்தால் அடுத்த வீட்டின் சுவர் துணையின்றி நின்று மழையில் நனைகிறது. கூரைகளின் வரிசையும் திண்ணைகளின் வரிசையும் அறுபடுகின்றன. தெருவின் அழகு எந்தத் தனி வீட்டிலும் இல்லை. வீடுகள் சேர்ந்து நிற்பதிலேயே இருக்கிறது.

எனினும் பழைய வீட்டில் வாழ்வது எளிதன்று. மரத்தைக் கரையான் அரிக்கிறது. ஓடுகளை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் சென்றபின் முதியோர் மட்டும் தனித்திருக்கின்றனர். பழமையைப் போற்றுமாறு கூறுவோர் பலர். அதற்கான செலவோ வீட்டாரைச் சேர்கிறது. முகப்பையும் திண்ணையையும் கூரைச் சரிவையும் காத்து, அடுக்களை, குளியலறை ஆகியவற்றை இக்காலத்திற்கு ஏற்ப அமைத்துக்கொள்வது ஒரு நல்ல வழி. ஆனால் ஒருவர் மட்டும் அவ்வாறு செய்தால் போதாது. தெருவார் அனைவரும் உடன்பட வேண்டும்.

இந்நகரில் பிறந்த நீல பத்மநாபன், இதனைக் களமாகக் கொண்டு ‘பள்ளிகொண்டபுரம்’ என்னும் தமிழ் நாவலைப் படைத்தார். 1956 நவம்பர் 1 இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது திருவனந்தபுரமும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் அமைந்தன. எல்லை மாறிய பின்பும் இங்குள்ள பல வீடுகளில் தமிழ் ஒலிக்கிறது. தெருவில் மலையாளம் ஒலிக்கிறது. இரு வீட்டாருக்கும் பொதுவான சுவரைப் போல, இரு மொழிகளும் இங்கு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

சொற்பொருள்
ரேழி – வாயிலுக்கும் கூடத்திற்கும் இடைப்பட்ட நடை
உத்திரம் – கூரையைத் தாங்கும் பெரிய மரம்
பின்கட்டு – வீட்டின் பின்பகுதி

பயிற்சி
1. தமிழ்க் குடும்பங்கள் கோட்டையகத்தில் குடியேறியதன் காரணம் யாது?
2. ஒரு வீட்டை இடிப்பது அடுத்த வீட்டை எவ்வாறு பாதிக்கிறது?
3. ‘திண்ணை’, ‘முற்றம்’ ஆகிய சொற்களைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.
4. உம் வீட்டுப் பெரியோர் வாழ்ந்த பழைய வீட்டைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.