இருமுறை கதிரவன் எழக் கண்ட வழி

நிலத்தில் செல்வோனுக்கு வழியின் அளவைக் கூற மைல்கற்கள் உண்டு. வானில் செல்வோனுக்கோ அத்தகைய கற்கள் இல்லை. புறப்படுமுன்னரே தொலைவையும் காலத்தையும் கணித்து அறிதல் வேண்டும். உயிரே இக்கணக்கில் அடங்கியிருந்த வழியொன்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்துமாக்கடலின்மேல் அமைந்தது.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே இருந்த விமான வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க, 1943-இல் குவாண்டாஸ் நிறுவனத்தார் பெர்த் நகருக்கும் இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலைக்கும் இடையே ‘கட்டலினா’ என்னும் நீர்விமானங்களைச் செலுத்தலாயினர். அவை பெர்த்தில் ஸ்வான் ஆற்றினின்று எழுந்து, கொக்கலை ஏரியில் வந்து இறங்கும்.

இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே தொலைவு எவ்வளவு? தேசப்படத்தில் அளவுகோலை வைத்து அளத்தல் பொருந்தாது. உருண்டையான பூமியைத் தட்டையாக வரையும்போது அளவு திரிந்துவிடும். பூகோள உருண்டையின்மேல் நூலொன்றைப் பெர்த்திலிருந்து கொக்கலைவரை இழுத்துப் பிடித்தல் வேண்டும். அதுவே மிகக் குறுகிய வழி. பின்னர் அந்நூலை நிலநடுக்கோட்டின்மேல் கிடத்தினால், அது ஏறக்குறைய 51 பாகை நீளம் இருக்கும். பூமியின் சுற்றளவு சற்றேறக்குறைய 40,000 கிலோமீட்டர். அதனை 360 பாகையாகப் பகுத்தால், பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டர் ஆகும். ஆகவே தொலைவு சுமார் 5,660 கிலோமீட்டர்.

கட்டலினா மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும். காற்று அசையாதிருப்பின் பயணம் 28 மணி 18 நிமிடத்தில் முடியும். ஆனால் காற்று அசையாதிருப்பதேது! மணிக்கு 25 கிலோமீட்டர் விரைவுள்ள காற்று எதிர்த்து வீசினால், விமானத்தின் விரைவு 175 ஆகக் குறையும். காலம் 32 மணியைக் கடந்துவிடும். அதே காற்று பின்னின்று தள்ளினால் 25 மணியளவே போதும். இடைப்பட்ட வேறுபாடு ஏழு மணி நேரம்! நடுக்கடலில் எரிபொருள் தீர்ந்தால் பெறுதற்கு இடமில்லை. ஆதலின் மிகையான எரிபொருளைச் சுமத்தல் இன்றியமையாததாயிற்று. அச்சுமையின் பொருட்டு மற்றவற்றை யெல்லாம் குறைத்தனர். பயணிகள் மூவர், அஞ்சல் 69 கிலோகிராம், அவ்வளவே.

பகைவர் அறியாவண்ணம் வானொலியில் பேசுதலையும் தவிர்த்தனர். ஜப்பானியர் காவல் மிகுந்த பகுதியை இருளில் கடந்தனர். அப்போது வழிகாட்டியவை விண்மீன்களே. அவ்வைந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயரையே இட்டிருந்தனர். அவற்றுள் ஸ்பைக்கா என்பது நம் சித்திரை. அண்டாரிஸ் என்பது கேட்டை. ஆல்டேர் என்பது திருவோணம்.

இறங்கியபின் கடிகாரத்தைத் திருத்துதற்கும் ஒரு கணக்கு உண்டு. கொக்கலை, பெர்த்துக்கு 35½ பாகை மேற்கே உள்ளது. பாகைக்கு 4 நிமிடமாக, பெர்த்தில் உச்சிப்பொழுது கழிந்து 2 மணி 22 நிமிடம் சென்ற பின்னரே கொக்கலையில் உச்சிப்பொழுது ஆகும். மேற்கு நோக்கி வந்தவர், கடிகார முள்ளை அவ்வளவு பின்னே தள்ளுதல் வேண்டும்.

ஒரே பயணத்தில் கதிரவன் இருமுறை எழக் கண்டவர்க்கு, ‘இரு கதிரெழுச்சிக் குழுவினர்’ என்னும் பொருள்படும் சான்றிதழ் ஒன்றும் வழங்கப்பெற்றது. 1945-இல் இவ்வழி நிறுத்தப்படும்வரை 271 முறை கடல் கடந்தனர். ஒரு விமானமேனும் வழியில் அழியவில்லை. அப்பயணங்களுள் மிக நெடியது 32 மணி 9 நிமிடம் நீடித்தது.