மறுபடியும் கொரோனா வந்தால் மகளின் வெளிநாட்டுப் படிப்பு?

கேள்வி: விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிறோம். மகள் ஆஸ்திரேலியாவில் முதுநிலை படிக்க ஆசைப்படுகிறாள். கொரோனா போல மறுபடியும் ஒன்று வந்தால் என்ன செய்வது?
– ஒரு தாய், சாமளாபுரம்

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான், அம்மா. 2020 மார்ச் 20-இல் எல்லையை மூடிய ஆஸ்திரேலியா, தடுப்பூசி போட்ட வெளிநாட்டு மாணவர்களுக்கு 2021 டிசம்பர் 15-இல்தான் பொதுவாகத் திறந்தது. சீனாவில் மருத்துவம் படித்த நம் பிள்ளைகளோ, ஊர் திரும்பியபின் 2022 ஆகஸ்ட் வரை மாணவர் விசாவுக்குக் காத்துக் கிடந்தார்கள்.

அதற்காக மகளைத் தடுக்காதீர்கள். பணம் கட்டும் முன், பல்கலைக்கழகத்திடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கலாமா? விசா கிடைக்காவிட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரும்? இணையவழியில் படித்த காலம், படிப்பு முடிந்தபின் வேலை விசாவுக்குக் கணக்கில் வருமா?

அடுத்தது கடன். பொதுவாக, 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் சொத்தை ஈடு கேட்கும். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும். படிப்பு தடைப்பட்டாலும் அது நிற்காது. ஆகவே, தறிக்கூடத்தை அடமானம் வைக்குமுன் நிதானியுங்கள். கடனைப் பருவத்துக்குப் பருவம் விடுவிக்கச் சொல்லுங்கள். கோவையில் ஒரு முதுநிலை இடத்துக்கும் விண்ணப்பித்து வைக்கட்டும்.

பெண்ணின் படிப்பு ஓராண்டு தள்ளிப்போகலாம், நின்றுபோகக் கூடாது.