உருக்காமல் ஒட்டும் காந்தத் துடிப்பு வெல்டிங்

இரும்போடு இரும்பை வெல்டிங் செய்வதைத் தெருமுனைப் பட்டறையிலேயே பார்க்கலாம். அலுமினியத்தையும் தாமிரத்தையும் அப்படி இணைக்க முடியுமா? ஏசி, ஃபிரிட்ஜ் குழாய்கள், மின்கார் பேட்டரி இணைப்புகள் எனப் பல இடங்களில் இந்த இரண்டும் சேர வேண்டியிருக்கிறது. இதற்குக் கைகொடுக்கும் முறைகளில் ஒன்றுதான் மேக்னடிக் பல்ஸ் வெல்டிங்.

என்ன சிக்கல்?

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தாமிரம் உருக 1,085 டிகிரி வேண்டும். இரண்டையும் உருக்கிக் கலந்தால், நடுவில் உருவாகும் சேர்மங்கள் எளிதில் நொறுங்கும், மின்தடையும் கூடும். எனவே உருக்காமலேயே இணைப்பதுதான் நல்ல வழி.

அடுப்பில் இருக்கும் தத்துவம்

இண்டக்ஷன் அடுப்பின் காயிலில் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருப்பதால், பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டம் உண்டாகி வெப்பம் தருகிறது. அலுமினியத்தின் மின்தடை குறைவு என்பதால் சாதாரண இண்டக்ஷன் அடுப்பில் அந்தப் பாத்திரம் சரியாகச் சூடாவதில்லை. இங்கே அந்தக் குறையே நிறைவாகிறது! தடை குறைவாக இருப்பதால் அலுமினியத்தில் பெரும் மின்னோட்டம் பாய்கிறது. லென்ஸ் விதிப்படி அது காயிலின் காந்தப்புலத்தை எதிர்க்கிறது. அதாவது, இங்கே காந்தம் இழுப்பதில்லை, தள்ளுகிறது. அதனால்தான் காந்தத்தில் ஒட்டாத உலோகத்திலும் இது வேலை செய்கிறது.

செயல்படும் விதம்

1. தாமிரத் தண்டின் மேல் அலுமினியக் குழாயைச் சுமார் 1 முதல் 2 மி.மீ. இடைவெளியுடன் பொருத்துகிறார்கள். அதைச் சுற்றிக் காயில் இருக்கும்.

2. கெப்பாசிட்டர் தொகுப்பைப் பல ஆயிரம் வோல்ட்டுக்குச் சார்ஜ் செய்கிறார்கள்.

3. சுவிட்சைப் போட்டதும் லட்சக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் காயிலில் பாய்கிறது.

4. குழாய் உள்நோக்கிச் சுருங்கி, வினாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் தண்டின் மேல் சாய்வாக மோதுகிறது.

5. மோதலில் மேற்பரப்பின் ஆக்சைடு படலம் பீய்ச்சி வெளியேற்றப்படுகிறது. சுத்தமான இரு பரப்புகளும் அழுத்தத்தால் ஒட்டிக்கொள்கின்றன.

எவ்வளவு ஆற்றல்?

500 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை 8,000 வோல்ட்டுக்குச் சார்ஜ் செய்தால் 16,000 ஜூல் சேரும். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி 16 வினாடியில் எடுத்துக்கொள்வதும் இவ்வளவுதான். ஆனால் அதே ஆற்றல் 20 மைக்ரோ செகண்டில் வெளியானால், அந்தக் கணத்தில் திறன் 800 மெகாவாட்! ரகசியம் ஆற்றலின் அளவில் இல்லை, வேகத்தில் இருக்கிறது.

வரம்புகள்

ஒன்றின் மேல் ஒன்று படியும் இணைப்புகளுக்கே இது பொருந்தும். மோதும் உலோகம் மின்சாரத்தை நன்கு கடத்த வேண்டும்; ஸ்டீல் என்றால் அதன் மேல் அலுமினிய அல்லது தாமிர வளையம் மாட்டி அடிப்பார்கள். வேகமோ கோணமோ குறைந்தால் ஒட்டாது. அளவு மீறினால் மோதுமிடம் உருகி, தவிர்க்க நினைத்த அதே நொறுங்கும் சேர்மம் வந்துவிடும். இணைந்த பிறகும் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும், மேற்பூச்சு அவசியம்.

எச்சரிக்கை

வீட்டில் இதை முயன்று பார்க்காதீர்கள். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் உள்ள சிறு கெப்பாசிட்டரே சுவிட்சை அணைத்த பிறகும் ஷாக் அடிக்கக்கூடும். வெல்டிங் இயந்திரத்தில் இருப்பது உயிரைப் பறிக்கும் மின்சாரம்.