செவலைக்கு நோம்பி கிடையாது

பாலசமுத்திரத்தில் நோம்பிக்குப் பஞ்சமே இல்லை. பழனிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் இது. தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று பழனி நிரம்பும்போதெல்லாம் எங்கள் வீடும் நிரம்பிவிடும். மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டு, "ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போலாம்னு வந்தோம்ங்க" என்று வருகிற சொந்தம் ராத்திரி தங்கித்தான் போகும். 2021 முதல் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடுவதால், கோயம்புத்தூரில் இருக்கும் மகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். அது போக அரையாண்டு லீவு, பொங்கல், மே மாதக் கொடைக்கானல் பயணம். வீட்டில் ஆள் நடமாட்டம் ஓய்வதில்லை.

ஆட்களோடு லட்சுமி என்கிற பசுவும் அதன் கன்றும், செவலை என்கிற நாட்டு நாயும், யார் சொல்லுக்கும் கட்டுப்படாத ஒரு பூனையும் இருக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு எத்தனையோ நோம்பியைப் பார்த்தாகிவிட்டது. நமக்கு நோம்பி வருகிற அன்றைக்கு அவற்றுக்கு உடம்புக்கு வருகிறது. வயிறு கெடுகிறது, அல்லது பயத்தில் நடுங்குகிறது, அல்லது காணாமல் போகிறது. மூன்றுக்கும் காரணம் நம்முடைய பிரியமும் நம்முடைய ஆரவாரமும்தான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அதனால்தான் தடுப்பதும் கஷ்டமாக இருக்கிறது.

பட்டிப் பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கொங்குச் சீமையில் மாட்டுப் பொங்கலுக்கு அதுதான் பேர். காப்புக்கட்டு அன்றைக்கே தொழுவத்துக்கூரையில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் செருகியிருப்போம். பட்டிப் பொங்கலன்று சாணத்தில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, தண்ணீர் விட்டு, பூப்போட்டு, மாட்டை அதில் மிதித்துக்கொண்டு போகவைப்போம். கண்கொள்ளாக் காட்சி. தொல்லை அதற்கப்புறம் தொடங்கும். நாம் ஒரு வாழையிலை நிறையப் பொங்கல் வைப்போம். பக்கத்து வீட்டு அக்கா, "லட்சுமிக்கு எங்கூட்டுப் பொங்கலும் ஒரு வாய்" என்று கொண்டுவருவார். எதிர்வீட்டுக்காரர் கொண்டுவருவார். பேரன் யாருக்கும் தெரியாமல் ஒரு சீப்புப் பழத்தை நீட்டுவான். ஒவ்வொருவர் கையிலும் இருப்பது கொஞ்சம்தான். மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் சேர்வது ஒரு பானை.

மாட்டின் பெருவயிறு புல்லையும் தட்டையையும் நொதிக்கவைத்துச் செரிப்பதற்கு அமைந்தது. வெந்த சோறும் வெல்லமும் ஒரேயடியாக உள்ளே போனால் அங்கே அமிலம் பெருகிவிடும். மாடு அசை போடுவதை நிறுத்தும், பல்லைக் கடிக்கும், சாணம் இளகிப் புளித்த வாடை வீசும், இடப்பக்க வயிறு உப்பும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. பொங்கல் கழிந்த மறுநாள் கால்நடை மருந்தகத்தில் கூட்டமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். தொழுவ வாசலில் ஒரு அகலச் சட்டி இருக்கும். யார் பொங்கல் கொண்டுவந்தாலும் முகம் கோணாமல் வாங்கி அதில் போட்டுக்கொள்வோம். மாட்டுக்கு முதலில் வயிறு நிறையப் பசும்புல். பிறகு அந்தச் சட்டியிலிருந்து ஒரே ஒரு கைப்பிடி, எல்லார் முன்னாலும். கொண்டுவந்தவர்களுக்கும் மனநிறைவு, மாட்டுக்கும் கேடில்லை. மிச்சத்தை மனுசர் சாப்பிடலாம். பலூனும் ஜிகினா மாலையும் மாட்டின் கழுத்தில் வேண்டாம், கயிற்றோடு சேர்த்து மென்று விழுங்கிவிடும். கொம்புக்குக் காவியும் மஞ்சளும் போதும், கதவுக்கு அடிக்கிற பெயிண்ட் தேவையில்லை.

நாய்க்கு வருகிற ஆபத்து வேறு மாதிரி. அது பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கி வருகிறது. கொடைக்கானல் போய்த் திரும்புகிற எந்தச் சொந்தமும் வெறுங்கையோடு வருவதில்லை. வீட்டுச் செய்முறை சாக்லேட் ஒரு பெட்டி, மலைப்பூண்டு ஒரு கட்டு, பருவத்தில் பிளம்ஸும் பட்டர் ஃப்ரூட்டும். நமக்கு எல்லாம் நல்லவைதான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. ஆனால் இந்தப் பையை அப்படியே நாய்க்கு எட்டும் உயரத்தில் வைத்தால், விஷப்பையை வைத்த மாதிரிதான்.

போன அரையாண்டு லீவில் பேத்தி ஓடிவந்து, "அம்மிச்சி, செவலை எங்கிட்ட சாக்லேட் கேட்டுச்சு, குடுத்துட்டேன்" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அடுத்த முறை சொல்லாமல் கொடுத்திருப்பாள். "எந்த சாக்லேட்டு கண்ணு? காகிதத்தைக் கொண்டா" என்றேன். கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டதும் அவர் கேட்டது மூன்றே கேள்வி: கறுப்பு சாக்லேட்டா பால் சாக்லேட்டா, எவ்வளவு தின்றது, நாய் எத்தனை கிலோ. சாக்லேட்டில் இருக்கிற தியோபுரோமின் என்கிற பொருளை நாயின் உடம்பால் நம்மைப்போலச் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. கறுப்பு சாக்லேட்டில் அது அதிகம், வெள்ளையில் இல்லையென்றே சொல்லலாம். வாந்தி, பேதி, நிலைகொள்ளாமல் அலைவது, நெஞ்சு படபடப்பு, முற்றினால் வலிப்பு. செவலை தின்றது ஒரு துண்டு பால் சாக்லேட், அதன் எடைக்குப் பயமில்லை என்றார். இருந்தும் ராத்திரி வரை அதைக் கண்காணித்தோம். அன்றிலிருந்து பேத்திக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: வீட்டுக்கு வருகிற இனிப்பெல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டதா என்று பார்ப்பது. பொறுப்போடு பார்க்கிறாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வாந்தி எடுக்கவைக்கிறேன் என்று உப்புக்கரைசலை நாயின் வாயில் ஊற்றாதீர்கள். அந்த உப்பே அதைக் கொல்லும். தின்று ஓரிரு மணிக்குள் மருத்துவரிடம் போனால் முறையாக வாந்தி எடுக்கவைப்பார்.

வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கக்கூடியவை. பிரியாணி மிச்சம், குழம்புச் சோறு என்று வைக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எந்த நாயை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமிருந்து வருகிற பட்டர் ஃப்ரூட்டின் தோலையும் இலையையும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடக்கூடாது. கிளி, புறா வளர்ப்பவர்கள் பழத்தையே பக்கத்தில் வைக்கக்கூடாது. அந்தப் பழத்தின் கொட்டை நாயின் தொண்டையில் சிக்கும். வெந்த கோழியெலும்பு ஊசியாக உடையும்.

பஞ்சாமிர்தத்தைப் பற்றியும் கேட்பார்கள். பிரசாதமாயிற்றே, நாய்க்கும் பூனைக்கும் ஒரு வாய் கொடுத்தால் என்ன என்பார்கள். மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலம் எல்லாம் சேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஆவது அது. அந்த இனிப்பும் நெய்யும் நாயின் செரிமானத்துக்குக் கடுமை. வீட்டில் செய்கிறவர்கள் சிலர் உலர்திராட்சையும் போடுவதுண்டு. முருகன் பிரசாதத்தை முருகன் பேரால் நாமே சாப்பிடுவோம். நாய்க்குப் பிரியமாக ஏதாவது கொடுத்தே ஆகவேண்டுமென்றால் கொடைக்கானல் கேரட்டில் ஒரு துண்டு, விதை நீக்கிய ஆயக்குடிக் கொய்யாவில் ஒரு கீற்று, வேகவைத்த முட்டை. செவலை கேரட்டை முன்னங்கால்களுக்கிடையில் நிறுத்திப் பிடித்துக் கரகரவென்று கடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

தீபாவளி நாயும் பூனையும் பயப்படுகிற நாள். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாயின் காது 45,000 வரை போகும். நமக்குக் கேட்கிற வெடிச்சத்தத்தை விடக் கூடுதலாக அதற்குக் கேட்கிறது என்று அர்த்தம். 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு நேரக்கட்டுப்பாடு விதித்த பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு வரையறுத்திருக்கிறது. எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாயை எப்போது வெளியே விட்டு எப்போது உள்ளே கொண்டுவருவது என்று கணக்குப்போட அந்த நேரம் உதவுகிறது. ஐந்து மணிக்கே செவலையை ஒரு நடை நடத்திவிட்டு, சன்னல் குறைவான உள்ளறையில் அதன் பழைய சாக்கை விரித்து, மின்விசிறியையும் ரேடியோவையும் போட்டுவிடுவோம். சங்கிலியில் கட்டமாட்டோம். மிரண்ட நாய் கட்டை அறுக்கப் பார்த்துக் கழுத்தை நெரித்துக்கொள்ளும். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதியிருக்க வேண்டும், தப்பி ஓடினால் திரும்பிவர அதுதான் வழி. பூனை பரண்மேல் ஏறிக்கொண்டால் இறக்காதீர்கள், அதற்குத் தெரியும். மனுசருக்கான தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

பட்டாசைக் கைவிடவே முடியாது என்பவர்களுக்குச் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியைச் சொல்வேன். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வருகிற பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு ஊரே முடிவெடுத்துக் கைவிட்டிருக்கிறது. நம் தெருவில் ஒரு மூலையை மட்டும் வெடிக்கு ஒதுக்கி, தொழுவத்தையும் வைக்கோல்போரையும் விட்டு விலகியிருப்பது பெரிய தியாகமில்லை. பாலாறு பொருந்தலாறு அணைப்பக்கம் யானை இறங்கிவருகிற ஊர் எங்களுடையது. சத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

சொந்தம் கூடினால் நாட்டுநடப்பும் கூடத்துக்கு வந்துவிடும். 2025-ல் பேச்செல்லாம் தெருநாய் வழக்கைப் பற்றித்தான். ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22-ல் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்ற உத்தரவு வந்தது. மருமகன் ஒரு பக்கம், என் தம்பி ஒரு பக்கம், சாப்பாட்டு இலை காய்கிற வரைக்கும் வாக்குவாதம். கடிபட்ட குழந்தையின் தகப்பன் பேசுவதிலும் நியாயம் இருக்கிறது, தெருநாய்க்குச் சோறு வைக்கிறவர் பேசுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாய் வைத்திருக்கிற வீட்டின் கடமையில் எந்த வாதமும் இல்லை. வருஷத்துக்கொரு முறை வெறிநோய்த் தடுப்பூசி, குட்டி வேண்டாமென்றால் கருத்தடை, பிறந்த குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைப்பக்கம் விட்டுவராமல் இருப்பது. தெருநாய் என்று நாம் சொல்வதில் பாதி ஒரு காலத்தில் யாருடைய திண்ணையிலோ பிறந்தது என்பது என் எண்ணம்.

கடி பட்டால் செய்யவேண்டியதைக் கூடத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். குழாய்த்தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிஷம் கழுவவேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ காப்பித்தூளோ அப்பக்கூடாது. உடனே அரசு மருத்துவமனை, ஊசி இலவசம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் கடிபட்டதையே மறைப்பார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்கிற பழைய பயம். அந்த மருந்து போய் இருபது வருஷமாகிறது. இப்போது தோளில் போடுவது, அரசு மருத்துவமனைகளில் முதல் நாளும் மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாள்களும். காயம் ஆழமென்றால் அதோடு இம்யூனோகுளோபுலினும் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். நோய் தலைகாட்டிவிட்டால் அப்புறம் காப்பாற்ற வழி கிடையாது. ஒரு தவணையைக்கூடத் தவறவிடாதீர்கள்.

கொடைக்கானலுக்கு நாயைக் கூட்டிப்போகலாமா என்று பேரன் ஒவ்வொரு மே மாதமும் கேட்கிறான். பழனியிலிருந்து 64 கிலோமீட்டர், பெருமாள்மலையில் போய்ச் சேரும்வரை வளைவு வளைவாக ஏற்றம். 2024 மே 7 முதல் வண்டிக்கு இ-பாஸும் வேண்டும். நாயைக் கூட்டிப்போவதென்றால் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி முன்னால் சோற்றை நிறுத்துங்கள், வரதமாநதி அணைப்பக்கம் ஒரு முறை இறக்கி நடத்துங்கள், தண்ணீருக்குக் கிண்ணம் கொண்டுபோங்கள். மலைமேல் காட்டுமாடு வீதிக்கே வரும். குரைக்கிற நாயைப் பார்த்தால் அது விரட்டுவது நாயை மட்டுமல்ல, கயிற்றைப் பிடித்திருப்பவரையும்தான். நாங்கள் செவலையை விட்டுவிட்டுத்தான் போகிறோம். பக்கத்து வீட்டு அக்கா அதே நேரத்துக்கு, அதே தட்டில், அதே சோற்றை வைக்கிறார். அது தின்றுவிட்டு வாசலில் படுத்துக்கொள்கிறது.

வாயில்லா ஜீவனுக்கு விசேஷம் தேவையில்லை, நேற்று மாதிரியே இன்றும் இருந்தால் போதும். இந்தப் பொங்கலுக்கு உங்கள் வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். மாடு, ஆடு உடம்புக்கு முடியாமல் கிடந்தால் கூப்பிடவேண்டிய கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. அதையும், பக்கத்துக் கால்நடை மருத்துவரின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைகளுக்கும் தெரிகிற மாதிரி அடுக்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.