நீரும் மனமும்

கற்றல் நோக்கம்: குடிநீரிலுள்ள நுண்தாதுக்களுக்கும் மனநலத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து அறிதல்.

மாணவர்களே! விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்பொழுது, "நம் ஊர்த் தண்ணீரின் சுவையே தனி" என்று பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். அச்சுவை எவ்வாறு வருகிறது? மண்ணில் இறங்கிய மழைநீர் பாறை இடுக்குகளில் தங்கும்பொழுது, பாறையின் தாதுக்கள் அதில் கரைகின்றன. அவற்றுள் மிகச் சிறிய அளவில் இருப்பவை நுண்தாதுக்கள் எனப்படும். அவை உடலை மட்டுமன்றி மனத்தையும் தொடுமா? சந்தாபுரா வழியே செல்லும் ஓசூர்ச் சாலையின் இரு திசைகளிலும் இதற்கு விடை தேடலாம்.

லித்தியம்

நகரை நோக்கிச் சென்றால் நிம்ஹான்ஸ் என்னும் மனநல மருத்துவ நிறுவனத்தை அடையலாம். மனநல மருந்துகளுள் ஒன்று லித்தியம் உப்பு. அது மிகையான மனக்கிளர்ச்சியைத் தணிப்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் எடுத்துரைத்தார்.

இத்தாது சில ஊர்களின் நீரில் இயற்கையாகவே கலந்துள்ளது. டெக்சாஸ் மாநிலத்தின் 27 மாவட்டங்களை ஒப்பிட்டு 1990இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நீரில் லித்தியம் மிகுந்த இடங்களில் தற்கொலைகள் குறைவு என அது கூறியது. ஜப்பானின் ஓயிட்டா மாகாணத்தில் 18 நகராட்சிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வும் அவ்வாறே கண்டது.

எனினும், இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. வருவாய், வேலை, உறவினர் துணை, மருத்துவ வசதி ஆகியவை ஊருக்கு ஊர் வேறுபடும். மேலும், மருந்தாகத் தரும் லித்தியம் நாளொன்றுக்குப் பல நூறு மில்லிகிராம். ஓயிட்டா நீரில் இருந்ததோ லிட்டருக்கு 59 மைக்ரோகிராமுக்கு மேற்படவில்லை. அளவு மீறினால் லித்தியம் நஞ்சாகும். ஆதலின் மருத்துவர் கண்காணிப்பின்றி அதை உண்ணலாகாது.

ஃபுளோரைடு

எதிர்த்திசையில் ஓசூரைக் கடந்தால் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டப் பகுதிகள் வரும். அங்குப் பல சிற்றூர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அது பற்களில் பழுப்புக் கறையை உண்டாக்கும்; எலும்புகளையும் தாக்கும். கறை படிந்த பற்களை மறைக்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பிள்ளையின் துன்பம் மனத்துன்பமே அன்றோ?

லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃபுளோரைடு, குழந்தைகளின் நுண்ணறிவுக் குறைவோடு தொடர்புடையது என அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024இல் அறிவித்தது. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், ஃபுளோரைடு நீங்காது. இக்குறையைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அம்மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றது. அது 2013இல் பயன்பாட்டிற்கு வந்தது.

நீரைப் பரிசோதித்துப் பருகுவது நம் கடமை. ஆயினும், நீர் ஒன்றே மனத்தை ஆக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை. புதிய ஊரில், புதிய மொழியின் நடுவே உங்கள் மனம் வாடினால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அருஞ்சொற்பொருள்

தாது – கனிமம். நச்சியல் – நஞ்சுகளைப் பற்றிய அறிவியல். மிகுதி – அதிகம்

வினாக்கள்

1. நிலத்தடி நீரில் தாதுக்கள் எவ்வாறு கரைகின்றன?
2. லித்தியம் ஆய்வுகளை உறுதியான முடிவாக ஏற்க இயலாதது ஏன்?
3. உங்கள் வீட்டுக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.